வேகக் காரும் குளிர்சாதனமும்: கழற்றினால் கிடைப்பது எவ்வளவு?

காரின் குளிர்சாதனம் முன்பாதி முழுக்கப் பரவிக் கிடக்கும் ஓர் அமைப்பு. எஞ்சினை ஒட்டிக் கம்ப்ரஸர், ரேடியேட்டருக்கு முன்னால் கண்டென்ஸர், டேஷ்போர்டுக்கு உள்ளே எவாப்பரேட்டர், இவற்றை இணைக்கும் அலுமினியக் குழாய்களும் ரப்பர் ஹோஸ்களும், ஈரத்தை உறிஞ்சும் ரிசீவர் டிரையர், கூடுதல் மின்விசிறி, ரிலேக்கள், கம்பிகள் என்று அதன் உறுப்புகள் பல. எல்லாவற்றையும் கழற்றித் தராசில் வைத்தால் பெரும்பாலான கார்களில் 15 முதல் 25 கிலோ வரை தேறும். பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காகக் காரைத் தயார் செய்கிறவர்கள் எடையைக் குறைக்கத் தொடங்கும்போது பின் இருக்கை, ஸ்டெப்னி, தரைவிரிப்பு எல்லாம் போன பிறகு அடுத்துக் கை வைப்பது பெரும்பாலும் ஏசியில்தான்.

கழற்றினால் வேகம் கூடுமா, எவ்வளவு கூடும், பதிலுக்கு எதை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும் என்ற மூன்று கேள்விகளுக்கும் எண்களோடு விடை சொல்ல முடியும். அதற்கு முதலில் அந்த அமைப்பு என்ன வேலை செய்கிறது என்பது தெரிய வேண்டும்.

குளிர் பிறக்கும் வழி

ஏசி குளிரை உற்பத்தி செய்வதில்லை. காருக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. அள்ளிச் செல்லும் வாகனம் குளிர்பதன வாயு. 1990-களின் நடுப்பகுதியிலிருந்து கார்களில் பரவலாகப் பயன்பட்ட ஆர்-134ஏ என்னும் வாயு, சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். அழுத்தத்தை ஏற்றினால் அதன் கொதிநிலையும் ஏறும். ஏசியின் செயல்பாடு முழுவதும் இந்த ஒரு பண்பை வைத்தே நடக்கிறது.

கம்ப்ரஸர் வாயுவை அழுத்துகிறது. அழுத்தமும் சூடும் ஏறிய வாயு கண்டென்ஸருக்குள் போய், வெளிக்காற்றிடம் வெப்பத்தை இழந்து திரவமாகிறது. அந்தத் திரவம் எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளை வழியே பாயும்போது அழுத்தம் சட்டென்று விழுகிறது. கொதிநிலையும் கூடவே விழுகிறது. எவாப்பரேட்டரில் அது கொதித்து ஆவியாகும்போது தேவைப்படும் வெப்பத்தைக் காருக்குள் வீசும் காற்றிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. காற்று குளிர்கிறது, ஆவி மீண்டும் கம்ப்ரஸருக்குத் திரும்புகிறது. ஒரு சிறிய காரில் சுற்றிவரும் வாயு ஏறத்தாழ 600 கிராம்தான். 5 கிலோவாட் அளவுக்குக் குளிர்விக்க நொடிக்குச் சுமார் 30 கிராம் ஓட வேண்டும். அதாவது ஏறக்குறைய 20 நொடிக்கு ஒருமுறை வாயு முழுவதும் ஒரு சுற்று வந்துவிடுகிறது.

எவாப்பரேட்டருக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதன் குளிர்ந்த தகடுகளில் படும் காற்றிலிருந்து ஈரம் நீராக வடிகிறது. ஏசி ஓடும் காரை நிறுத்தியதும் அடியில் சொட்டும் தண்ணீர் இதுதான். குளிர்விப்பதும் உலர்த்துவதும் இங்கே ஒரே செயலின் இரு பக்கங்கள். கழற்றும்போது பலர் மறப்பது இந்த இரண்டாவது பக்கத்தை.

தொழிற்சாலையே கழற்றிய கார்கள்

தொழிற்சாலையிலிருந்தே குளிர்சாதனத்தோடு வந்த முதல் கார் அமெரிக்காவின் பேக்கார்டு. 1939-இன் இறுதியில் அறிமுகமான அந்த அமைப்பில் எவாப்பரேட்டர் பின்பக்கச் சாமான் அறையின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டது. கம்ப்ரஸருக்குக் கிளட்ச் கிடையாது. எஞ்சின் ஓடினால் அதுவும் ஓடும். குளிர் தேவையில்லை என்றால் எஞ்சினை நிறுத்தி, பானட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். எடையும் எஞ்சின் மீதான சுமையும் தொடக்கத்திலிருந்தே ஏசியோடு வந்தவை.

பிற்காலத்தில் ஏசி எல்லாக் கார்களுக்கும் இயல்பான அங்கமானபோது, வேகக் கார் செய்பவர்கள் அதை வேண்டுமென்றே நீக்கத் தொடங்கினார்கள். 1992-இல் ஹோண்டா வெளியிட்ட என்எஸ்எக்ஸ்-ஆர் காரில் ஒலித்தடுப்புப் பூச்சு, ஒலிபெருக்கிகள், ஸ்டெப்னி ஆகியவற்றோடு ஏசியும் போனது. மொத்தம் சுமார் 120 கிலோ குறைந்தது. 2008-இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்த ஹோண்டா எஸ்2000 சிஆர் ஏசியும் ரேடியோவும் இல்லாமல் விற்கப்பட்டது. வேண்டியவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ள முடிந்தது. 2015-இன் மெக்லாரன் 675எல்டி ஏசியை நீக்கிச் சுமார் 16 கிலோ மிச்சப்படுத்தியது. 991 எண்ணிக்கையில் மட்டுமே செய்யப்பட்ட 2016-இன் போர்ஷே 911 ஆர் காரின் எடை 1,370 கிலோ. அதிலும் ஏசி கிடையாது. கேட்டால் கூடுதல் விலையின்றிப் பொருத்தித் தந்தார்கள்.

எதிர்த்திசையில் போன கார்களும் உண்டு. 1987-இன் ஃபெராரி எஃப்40 காரில் தரைவிரிப்பு இல்லை, ரேடியோ இல்லை. கதவைத் திறக்கக் கைப்பிடிக்குப் பதில் ஒரு கம்பிக் கயிறு. ஆனால் ஏசி இருந்தது. 1992-இன் மெக்லாரன் எஃப்1 காரில் பவர் ஸ்டியரிங் இல்லை, பிரேக்குக்குத் துணைவிசை இல்லை. ஒவ்வொரு கிராமையும் எண்ணி எண்ணிக் குறைத்த வடிவமைப்பாளர் கார்டன் மரே அதிலும் ஏசியை விட்டுவைத்தார். எஞ்சின் முதுகுக்குப் பின்னால் கொதிக்கும் காரில் ஓட்டுநர் நிதானமாக இருப்பதும் வேகத்தின் ஒரு பகுதி என்பது அந்த முடிவின் பொருள்.

எடைக் கணக்கு

ஏசியைக் கழற்றுகிறவர்களிடையே பெரிதும் புழங்கும் காரை எடுத்துக்கொண்டு கணக்குப் பார்க்கலாம். 1989-இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5, அமெரிக்காவில் மியாட்டா என்ற பெயரில் அறியப்பட்ட இரு இருக்கைக் கார். எடை சுமார் 960 கிலோ. 1.6 லிட்டர் எஞ்சின் தரும் திறன் 116 குதிரைத்திறன். இதில் ஏசி கூடுதல் விலைக்குப் பொருத்தப்பட்ட வசதி. அது இல்லாமலே பல கார்கள் விற்றன. ஆகவே இதைக் கழற்றுவது காரின் அடிப்படை வடிவமைப்பைக் கெடுப்பதாகாது.

20 கிலோ குறைந்தால் இந்தக் காரின் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம் போகிறது. எடைக்கும் திறனுக்குமான விகிதத்தில் பார்த்தால், அது எஞ்சினுக்குச் சுமார் இரண்டரைக் குதிரைத்திறன் கூட்டியதற்குச் சமம். முடுக்கமும் அதே 2 சதவீதம் வரை மேம்படலாம். 9 நொடியில் எட்டும் வேகத்தை இனி ஏறக்குறைய 8.8 நொடியில் எட்டலாம். பிரேக் பிடிக்கும்போது உறிஞ்ச வேண்டிய ஆற்றலும் அதே அளவுக்குக் குறைகிறது. வளைவில் டயர்கள் தாங்க வேண்டிய பக்கவிசையும் குறைகிறது. குதிரைத்திறனைக் கூட்டினால் நேர்சாலையில் மட்டுமே பயன். எடையைக் குறைத்தால் முடுக்கம், பிரேக், வளைவு மூன்றிலும் பயன். பந்தயக்காரர்கள் கிலோ கிலோவாகக் குறைக்க மெனக்கெடுவதன் காரணம் இதுதான்.

அதே 20 கிலோவை இன்னொரு அளவுகோலில் வைத்தும் பார்க்க வேண்டும். பெட்ரோலின் அடர்த்தி லிட்டருக்குச் சுமார் 740 கிராம். எனவே 20 கிலோ என்பது 27 லிட்டர் பெட்ரோல். இந்தக் காரின் தொட்டி 45 லிட்டர் கொள்ளும். முழுத் தொட்டியோடு ஓடும் காருக்கும் பாதிக்குக் கீழே இறங்கிய தொட்டியோடு ஓடும் காருக்கும் உள்ள வித்தியாசம்தான் ஏசியின் எடை. பக்கத்து இருக்கையில் ஒரு நண்பரை ஏற்றிக்கொண்டால் மூன்று ஏசியின் எடை ஏறிவிடும்.

எடை எவ்வளவு என்பதோடு, எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். கண்டென்ஸர் முன் அச்சுக்கும் முன்னால், காரின் மூக்கில் தொங்குகிறது. நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி எடை இருக்கிறதோ, காரைத் திருப்ப அவ்வளவு முயற்சி தேவைப்படுகிறது. இந்தத் திருப்பு எதிர்ப்பு தூரத்தின் இருமடியைப் பொறுத்தது. நடுவிலிருந்து 2 மீட்டர் தள்ளி இருக்கும் ஒரு கிலோ, 1 மீட்டரில் இருக்கும் நாலு கிலோவுக்குச் சமமாக எதிர்க்கும். மூக்கிலிருந்து சில கிலோ குறைவதை ஓட்டுநர் ஸ்டியரிங்கில் உணர்வதற்கு இதுவே காரணம். முன்பாரம் மிகுந்த கார்களுக்கு இந்தப் பலன் கூடுதல். எஞ்சின் பின்னால் இருக்கும் கார்களுக்குக் குறைவு.

எஞ்சின் திறன் பற்றிய தவறான கணக்கு

ஏசியைக் கழற்றினால் எஞ்சினுக்கு நிறையத் திறன் மிச்சமாகும் என்ற நம்பிக்கை பரவலாக உண்டு. அதில் பாதிதான் உண்மை. கம்ப்ரஸர் முழுமூச்சில் ஓடும்போது 2 முதல் 5 கிலோவாட் வரை, அதாவது சுமார் 3 முதல் 7 குதிரைத்திறன் வரை எஞ்சினிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. சிறிய எஞ்சின் உள்ள காரில் மேடேறும்போது இது நன்றாகத் தெரியும்.

ஆனால் அது ஏசி ஓடும்போது மட்டும்தான். சுவிட்சை அணைத்தால் மின்காந்தக் கிளட்ச் விடுபட்டுவிடும். கம்ப்ரஸரின் முகப்பில் உள்ள புல்லி மட்டும் தன் பேரிங்கில் சும்மா சுழலும். உள்ளே பிஸ்டன்கள் அசையா. அந்த நிலையில் இழப்பு பெல்ட்டின் உராய்வும் புல்லியைச் சுழற்றும் முயற்சியும்தான். அது மிகச் சிறியது. பல கார்களில் ஆக்ஸிலரேட்டரை அடிவரை மிதித்தாலே எஞ்சின் கணினி கிளட்ச்சைத் தானாக விடுவித்துவிடுகிறது. முந்திச் செல்லும் சில நொடிகளுக்குக் குளிர் நின்றாலும் யாருக்கும் தெரிவதில்லை. கிளட்ச்சே இல்லாத புதுவகைக் கம்ப்ரஸர்கள் எப்போதும் சுழன்றாலும், குளிர் வேண்டாதபோது பிஸ்டன் நகரும் தூரத்தை ஏறத்தாழப் பூஜ்ஜியத்துக்குக் குறைத்துக்கொள்கின்றன.

ஆகவே எஞ்சின் திறனுக்காக ஏசியைக் கழற்றத் தேவையில்லை. சுவிட்சை அணைத்தாலே போதும். கழற்றுவதற்கு நியாயமான காரணங்கள் எடையும், அடுத்து வரும் வெப்பப் பிரச்சினையும்தான்.

ரேடியேட்டருக்குக் கிடைக்கும் காற்று

காரின் முகப்புக் கம்பிவலை வழியே வரும் காற்று முதலில் கண்டென்ஸரைத் தாண்ட வேண்டும்; பிறகுதான் ரேடியேட்டரை அடையும். ஏசி ஓடும்போது கண்டென்ஸர் 7, 8 கிலோவாட் வெப்பத்தை அந்தக் காற்றில் கொட்டுகிறது. ரேடியேட்டருக்குப் போய்ச் சேர்வது முன்பே சூடான காற்று. ஏசியை அணைத்தால் இந்தச் சூடு நின்றுவிடும். தடை மட்டும் நிற்காது. நெருக்கமான அலுமினிய இதழ்கள் கொண்ட அந்தச் சட்டம் காற்றை எப்போதும் மட்டுப்படுத்திக்கொண்டே இருக்கும்.

பல ஆண்டுகள் ஓடிய காரில் கண்டென்ஸரைக் கழற்றிப் பார்த்தால் நிலைமை கண்ணுக்கே தெரியும். கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே உள்ள இரண்டு விரற்கடை இடைவெளியில் சருகும் பூச்சி இறகும் எண்ணெய்ப்பிசுக்குத் தூசியும் சேர்ந்து கம்பளிபோல் படிந்திருக்கும். வெளியிலிருந்து தண்ணீர் பீய்ச்சினால் அது போகாது. கழற்றியபின் ரேடியேட்டரின் முகத்தை மென்மையான தூரிகையால் துடைத்து எடுத்தாலே எஞ்சின் வெப்பநிலை தணிவது உண்டு. தடத்தில் 20 நிமிடம் இடைவிடாமல் முழுவேகத்தில் ஓடும் காருக்கு இது எடைக் குறைப்பைவிடப் பெரிய நன்மை.

இங்கே ஓர் எச்சரிக்கை. மியாட்டா போன்ற கார்களில் ஏசி பொருத்தியவற்றுக்கு ரேடியேட்டரின் பின்னால் இரண்டு மின்விசிறிகள் இருக்கும். ஏசி இல்லாதவற்றுக்கு ஒன்றுதான். ஏசியோடு சேர்ந்தது என்று இரண்டாவது விசிறியையும் கழற்றிவிடக் கூடாது. அதை எஞ்சின் வெப்பநிலைக்கு ஏற்ப ஓடும்படி முதல் விசிறியோடு இணைத்துவிட்டால், தடத்திலிருந்து திரும்பி நிற்கும் காருக்கு அதுவே காவல்.

முதல் வேலை வாயுவை மீட்பது

கழற்றும் வேலையில் முதலாவதும் முக்கியமானதும் வாயு. அமைப்புக்குள் அது எப்போதும் அழுத்தத்தில் இருக்கிறது. ஏசி ஓடும்போது உயர் அழுத்தப் பக்கம் வளிமண்டலத்தைப்போல் பன்னிரண்டு மடங்குக்கு மேல் போகும். இந்த நிலையில் குழாயின் நட்டைத் தளர்த்தினால் வாயு சீறிக்கொண்டு வெளியேறி, பட்ட தோலை அந்த இடத்திலேயே உறையவைக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

அதைவிடப் பெரிய கேடு வானத்தில் நிகழ்கிறது. 1990-களின் தொடக்கம் வரை கார்களில் இருந்த ஆர்-12 வாயு ஓசோன் படலத்தைச் சிதைப்பது. 1987-இன் மான்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பிறகு அது படிப்படியாக நீக்கப்பட்டது. முதல் தலைமுறை மியாட்டாவே 1993 வரை ஆர்-12-உடனும் அதன் பிறகு ஆர்-134ஏ-உடனும் வந்தது. ஆர்-134ஏ ஓசோனைத் தொடுவதில்லை; ஆனால் நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப்போல் சுமார் 1,430 மடங்கு பூமியைச் சூடேற்றும். 600 கிராம் ஆர்-134ஏ காற்றில் கலப்பது ஏறத்தாழ 860 கிலோ கார்பன் டை ஆக்சைடு கலப்பதற்குச் சமம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ வரும் என்று கொண்டால், இது 370 லிட்டர் பெட்ரோலை எரித்த கணக்கு. லிட்டருக்கு 12 கிலோமீட்டர் ஓடும் கார் இந்த எரிபொருளில் 4,000 கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கும். சில நொடிச் சீறலுக்கு விலை இவ்வளவு.

அதனால்தான் அமெரிக்காவில் ஆர்-12-ஐ வேண்டுமென்றே வெளியேற்றுவது 1992 முதலும், ஆர்-134ஏ-ஐ வெளியேற்றுவது 1995 முதலும் சட்டப்படி குற்றம். ஐரோப்பிய ஒன்றியம் 2017 முதல் புதிய கார்களில் சூடேற்றும் திறன் 150-க்குக் குறைந்த வாயுக்களை மட்டுமே அனுமதிக்கிறது. அங்கே ஆர்-134ஏ-இன் இடத்தை ஆர்-1234ஒய்எஃப் பிடித்துக்கொண்டது. அது பூமியை மிகக் குறைவாகவே சூடேற்றும், ஆனால் ஓரளவு தீப்பற்றக்கூடியது.

சரியான முறை எளியது. மீட்புக் கருவி உள்ள ஏசி பட்டறையில் காரை நிறுத்தி, இரு பக்க வால்வுகளிலும் குழாயை மாட்டி, வாயுவை உருளைக்குள் இழுத்துவிட வேண்டும். இரண்டு அளவுமானிகளின் முள்ளும் பூஜ்ஜியத்துக்கு வந்து, சில நிமிடம் கழித்தும் ஏறாமல் நின்றால்தான் அமைப்பு காலி. கழற்றும் வேலை அதன் பிறகே. இழுத்த வாயுவைச் சுத்தப்படுத்தி இன்னொரு காருக்குப் பயன்படுத்தலாம்.

கழற்றும் வரிசை

வாயு போனபின் மின்கலத்தின் இணைப்பைத் துண்டித்து, கம்ப்ரஸரில் தொடங்குவது வழக்கம். மியாட்டாவில் வாட்டர் பம்பும் ஆல்டர்னேட்டரும் ஒரு பெல்ட்டில் சுழல, ஏசி கம்ப்ரஸரும் பவர் ஸ்டியரிங் பம்பும் இன்னொரு பெல்ட்டில் சுழல்கின்றன. ஆகவே கம்ப்ரஸரை எடுத்தாலும் எஞ்சினைக் குளிர்விக்கும் நீரோட்டத்துக்குப் பாதிப்பில்லை. பவர் ஸ்டியரிங் இருந்தால் அதற்கு மட்டும் அளவான சிறிய பெல்ட் போட வேண்டும். ஒரே நீளப் பெல்ட் எல்லாவற்றையும் சுழற்றும் கார்களில் இது இவ்வளவு எளிதன்று. கம்ப்ரஸர் இருந்த இடத்தில் ஒரு மாற்றுப் புல்லியைப் பொருத்தவோ, பெல்ட் மற்றப் புல்லிகளைப் போதிய அளவு சுற்றி அணைக்கும்படி வேறு நீளம் தேர்ந்தெடுக்கவோ வேண்டும். சுற்றணைப்பு குறைந்தால் பெல்ட் வழுக்கும். அந்தப் பெல்ட்டிலேயே வாட்டர் பம்பும் இருந்தால் எஞ்சின் கொதித்துப்போகும்.

அடுத்தது கண்டென்ஸர், குழாய்கள், ரிசீவர் டிரையர். பிரித்த ஒவ்வொரு முனையையும் உடனே மூடி போட்டு அடைக்க வேண்டும். கம்ப்ரஸரில் இருக்கும் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. திறந்து கிடந்தால் சில நாளில் கெட்டு, பிறகு பொருத்தும்போது உட்பாகங்களை அரித்துவிடும். ரிசீவர் டிரையரின் உள்ளே உள்ள உலர்த்துமணிகளும் அப்படியே. ஒருமுறை காற்றுப் பட்டால் அதை மீண்டும் பயன்படுத்தக் கூடாது.

மிகவும் பொறுமை கேட்பது எவாப்பரேட்டர். பெரும்பாலான கார்களில் டேஷ்போர்டு முழுவதையும் இறக்கினால்தான் அதைத் தொட முடியும். மியாட்டாவில் வேலை கொஞ்சம் எளிது. காற்றை ஊதும் புளோயருக்கும் ஹீட்டர் பெட்டிக்கும் இடையே எவாப்பரேட்டர் தனிப் பெட்டியாக அமர்ந்திருக்கிறது. ஏசி இல்லாமல் விற்ற கார்களில் அதே இடத்தில் வெறும் பிளாஸ்டிக் காற்றுக்குழாய் இருந்தது. அந்தக் குழாயைத் தேடி வாங்கிப் பொருத்தினால் காற்றோட்டம் முன்போலவே நடக்கும். பெட்டியை எடுத்துவிட்டு இடைவெளியை அப்படியே விட்டால் புளோயர் ஊதும் காற்று டேஷ்போர்டுக்குள்ளேயே சிதறிப்போகும். கண்ணாடிக்கு ஒன்றும் வராது. எவாப்பரேட்டர் குழாய்கள் நுழைந்த தீச்சுவர்த் துளைகளையும் உலோகத் தகடு வைத்து அடைப்பது கட்டாயம். எஞ்சின் அறையில் தீப்பிடித்தால் ஓட்டுநருக்கும் நெருப்புக்கும் நடுவே இருப்பது அந்தச் சுவர் ஒன்றுதான்.

ஹீட்டரை மட்டும் விட்டுவைக்க வேண்டும். அது எஞ்சினின் சூடான நீரில் ஓடும் வேறு அமைப்பு. எடை சிறிது; ஆவி படிந்த கண்ணாடியைத் தெளியவைக்க மிச்சமிருக்கும் ஒரே வழியும் அதுதான்.

கழற்றவே கூடாத கார்கள்

சில கார்களில் குளிர்சாதனம் மனிதரைவிட இயந்திரத்துக்கே அதிகம் தேவைப்படுகிறது. மின்சாரக் கார்களின் பேட்டரியைக் குளிர்விக்கும் நீரோட்டம் பல மாடல்களில் ஏசியின் வாயுவால்தான் குளிர்கிறது. போர்ஷே டைக்கான் போன்ற மின்கார்கள் மீண்டும் மீண்டும் முழுவேகம் எடுக்க முடிவதில் இந்த ஏற்பாட்டுக்குப் பங்குண்டு. அங்கே ஏசியைக் கழற்றினால் பேட்டரியைக் காக்கக் கணினி திறனைக் குறைத்துவிடும். மேலும் அந்தக் கம்ப்ரஸர்கள் நூற்றுக்கணக்கான வோல்ட்டில் ஓடுபவை. ஆரஞ்சு நிறக் கம்பிகள் உயிருக்கே ஆபத்தானவை.

பெட்ரோல் காரிலும் உதாரணம் உண்டு. 2018-இன் டாட்ஜ் சேலஞ்சர் டீமன், நேர்சாலைப் பந்தயத்துக்கென்றே செய்யப்பட்ட 840 குதிரைத்திறன் கார். முன்பக்கப் பயணி இருக்கையையும் பின் இருக்கையையும்கூட எடுத்துவிட்டு விற்றார்கள். ஆனால் ஏசியை விட்டுவைத்து, பந்தய ஓட்டத்தின்போது அதன் வாயுவைக் காருக்குள் அனுப்பாமல், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் குளிர்விக்கும் நீரோட்டத்துக்குத் திருப்பிவிட்டார்கள். குளிர்ந்த காற்றில் ஆக்சிஜன் அடர்த்தி அதிகம்; அதனால் திறனும் அதிகம். அந்தக் காரில் ஏசி எஞ்சினுக்கே துணை.

ஓட்டுநரின் உடல்

இழப்புக் கணக்கில் முதலில் வருவது கண்ணாடி. 30 டிகிரி வெப்பமும் 80 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றின் பனிநிலை சுமார் 26 டிகிரி. மழை பட்டுக் கண்ணாடி அதற்குக் கீழே குளிர்ந்தால் ஆவி அதன்மேல் படியும். உள்ளே ஓட்டுநரின் மூச்சும் வியர்வையும் ஈரத்தை இன்னும் கூட்டும். ஏசி இருந்தால் ஒரு நிமிடத்தில் காற்றை உலர்த்தித் தெளியவைத்துவிடும். இல்லையென்றால் ஹீட்டரைச் சூடாக வைத்து, ஜன்னலை இறக்கி ஓட்ட வேண்டும். வெயில் நாட்டு மழையில் அது பெரும் அவதி.

அடுத்தது உடல் வெப்பம். தீத்தடுப்பு உடையும் தலைக்கவசமும் அணிந்து மூடிய காரில் ஓட்டுகிறவர் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வியர்ப்பது சாதாரணம். ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் உடலிலிருந்து ஏறத்தாழ 670 வாட் வெப்பம் போகும். ஆனால் உடைக்குள் ஈரக்காற்று அடைபட்டிருப்பதால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுகிறது. நீர் போகிறது, சூடு போவதில்லை. உடலின் உள்வெப்பம் ஏற ஏற கவனம் சிதறும், முடிவெடுப்பது தாமதமாகும். 40 டிகிரியை எட்டினால் அது வெப்பத்தாக்கு, உயிருக்கே ஆபத்து.

பந்தய உலகம் இதை அனுபவத்தில் கற்றது. 2007-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தின் விதிகள் மூடிய கார்களில் ஓட்டுநரைச் சுற்றியுள்ள வெப்பநிலைக்கு வரம்பு விதித்தபோது, செவ்ரோலெட் கார்வெட் சி6.ஆர் போன்ற முழுப் பந்தயக் கார்களே ஏசியைப் பொருத்திக்கொண்டன. 2023 அக்டோபரில் கத்தார் ஃபார்முலா 1 பந்தயத்தில் லோகன் சார்ஜென்ட் உடல் தாங்காமல் பாதியில் விலகினார். எஸ்தபான் ஓகான் தலைக்கவசத்துக்குள்ளேயே வாந்தி எடுத்தார். அதன் விளைவாக, ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்பக் குறியீடு 31 டிகிரியைத் தாண்டும் என்று கணிக்கப்படும் பந்தயங்களுக்கு ஓட்டுநரைக் குளிர்விக்கும் அமைப்பு பற்றிய விதி 2025-இல் வந்தது. அது முதன்முதலில் நடைமுறைக்கு வந்த இடம் சிங்கப்பூர்.

ஏசியைக் கழற்றியவர்கள் பெரும்பாலும் நாடுவது குளிர்நீர்ச் சட்டையை. ஒரு பெட்டியில் பனிக்கட்டியும் நீரும். சிறு பம்பு அந்த நீரைச் சட்டையில் தைத்த மெல்லிய குழாய்களில் சுற்றவைக்கும். 5 கிலோ பனிக்கட்டி ஒரு மணி நேரத்தில் உருகினால் சுமார் 460 வாட் வெப்பத்தை உறிஞ்சும். அரை மணிப் பந்தயத்துக்கு இது தாராளம். ஆனால் பனிக்கட்டி, நீர், பெட்டி, பம்பு எல்லாம் சேர்ந்தால் கழற்றிய எடையில் கணிசமான பங்கு திரும்ப ஏறிவிடும் என்பதையும் கணக்கில் எழுதியாக வேண்டும்.

யாருக்கு ஏற்றது

தடத்தில் மட்டும் ஓடும், டிரெய்லரில் ஏற்றிச் செல்லப்படும், குறுகிய பந்தயங்களுக்கான பெட்ரோல் காருக்கு ஏசியைக் கழற்றுவது சரியான முடிவு. எடை 2 சதவீதம் குறையும்; மூக்குப் பாரம் இறங்கும்; ரேடியேட்டருக்கு நல்ல காற்று கிடைக்கும். வார நாளில் அலுவலகத்துக்கும் மாதம் ஒருமுறை தடத்துக்கும் போகும் காருக்கு இது நட்டம். சென்னைபோல் வெப்பமும் ஈரமும் ஆண்டு முழுதும் நிலவும் ஊரில் சாலையில் ஓடும் காருக்கு இது அறவே பொருந்தாது. அத்தகைய காரை ஓட்டுபவர் தடத்தில் ஏசி சுவிட்சை அணைத்து, ஸ்டெப்னியையும் சாமான்களையும் இறக்கிவைத்து, பாதித் தொட்டிக்கு மேல் பெட்ரோல் நிரப்பாமல் ஓட்டினாலே ஏசியின் எடையைவிட அதிகம் குறைத்துவிடலாம். மாலையில் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

கழற்றுவதென்று முடிவெடுத்தவர்கள் இரண்டு காரியங்களைத் தவறாமல் செய்ய வேண்டும். கழற்றிய உறுப்புகளின் முனைகளை அடைத்து, பெயரெழுதி, உலர்ந்த இடத்தில் பத்திரப்படுத்த வேண்டும். காரை வாங்கப்போகும் அடுத்தவருக்கு அவை தேவைப்படலாம். அதற்கும் முன்னால், முதல் நட்டில் ஸ்பானரை வைக்குமுன், வாயுவை மீட்புக் கருவியில் இறக்க வேண்டும். காரிலிருந்து குறையும் எடை ஒருவருக்கு மட்டும் பயன். காற்றில் கலக்கும் வாயுவின் சுமை எல்லோர் தலையிலும் ஏறும்.